ஈரக் கூளமும் ஏழு நாள் கணக்கும்: கோழிக்குஞ்சுகளைக் கொல்லும் இரத்தக்கழிச்சல்

மாணவர்களே, கோழிக்குஞ்சு தனக்கு உடம்பு சரியில்லை என்று சத்தம் போட்டுச் சொல்வதில்லை. நேற்றுவரை தீனித்தட்டுக்கு முண்டியடித்த குஞ்சு இன்று ஒரு மூலையில் உடலைக் குறுக்கிக்கொண்டு நிற்கும். இறகு சிலிர்த்திருக்கும், இறக்கை தொங்கும், கண் பாதி மூடியிருக்கும். குளிருகிறது போலும் என்று நினைத்து, விளக்கைச் சற்றுத் தாழ்த்திக் கட்டிவிட்டுப் பள்ளிக்குப் போய்விடுவோம். மாலையில் பார்த்தால் கூளத்தில் இரத்தம் கலந்த எச்சம் கிடக்கும். மறுநாள் ஒரு குஞ்சு இறந்திருக்கும். அதற்கு மறுநாள் மூன்று.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்க வழியில்லை. ஆனால் கிள்ளான், காப்பார், பந்திங் பக்கம் கொஞ்சம் நிலத்தோடு கூடிய வீடுகளில் கம்பத்துக்கோழி வளர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் பாட்டி வீடோ மாமா வீடோ அப்படி ஒன்றாக இருக்கலாம். அங்கே 3 முதல் 6 வார வயதுக் குஞ்சுகளை அதிகமாகத் தாக்கும் குடல்நோய் இந்த இரத்தக்கழிச்சல். இதன் அறிவியல் பெயர் காக்சிடியோசிஸ்.

இந்த நோயில் ஒரு குஞ்சு பிழைப்பதும் இறப்பதும் பெரும்பாலும் ஓர் எண்ணைப் பொறுத்தது. அந்தக் குஞ்சு எத்தனை கிருமிகளை விழுங்கியது என்பதே அந்த எண். கொஞ்சமாக விழுங்கினால் அதன் உடல் எதிர்ப்புச் சக்தியைக் கற்றுக்கொள்ளும். ஒரே நேரத்தில் ஏராளமாக விழுங்கினால் கற்றுக்கொள்ளும் முன்பே அது செத்துவிடும். கூண்டைக் காயவைப்பது, மருந்து கொடுப்பது, தடுப்பூசி போடுவது எல்லாமே அந்த எண்ணைக் குறைக்கவோ கட்டுப்படுத்தவோ நாம் செய்யும் வேலைகள்தாம்.

மலேரியாவின் உறவுக்காரன்

இரத்தக்கழிச்சலை உண்டாக்குவது பாக்டீரியாவும் அல்ல, வைரஸும் அல்ல. ஐமீரியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் எந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததோ, அதே குடும்பத்தைச் சேர்ந்தது இதுவும். மலேரியாக் கிருமி கொசுவின் வழியாகப் பரவுகிறது. ஐமீரியாவுக்குக் கொசு தேவையில்லை. எச்சத்தில் வெளியேறி, மண்ணில் காத்திருந்து, அடுத்த குஞ்சு கொத்தும்போது வாய்வழியாக உள்ளே போய்விடும்.

இந்த வகைக் கிருமியை முதன்முதலில் கண்டவர் நெதர்லாந்தின் அந்தோனி வான் லீவன்ஹூக். 1674ஆம் ஆண்டு முயலின் பித்தநீரை உருப்பெருக்கியில் பார்த்தபோது முட்டை வடிவத்தில் சிறு உருண்டைகளைக் கண்டு எழுதி வைத்தார். அவை முயலைத் தாக்கும் ஐமீரியாவின் உறைமுட்டைகள் என்று பிற்காலத்தவர் கருதுகிறார்கள். கோழியைத் தாக்கும் இனங்கள் 7 என்று நெடுங்காலமாகப் பாடநூல்கள் கூறி வருகின்றன. அவற்றுள் இரத்தக்கழிச்சலுக்குப் பெயர்போனது ஐமீரியா டெனெல்லா. கோழிக்குச் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் பை போன்ற 2 குருட்டுக்குடல்கள் உண்டு. டெனெல்லா குடியேறுவது அங்கேதான்.

ஒரு நல்ல செய்தி. ஐமீரியா ஆள் பார்த்துத்தான் குடியேறும். கோழியின் ஐமீரியா கோழியை மட்டுமே தாக்கும்; உங்களையும் தாக்காது, வீட்டுப் பூனையையும் தாக்காது.

ஏழு நாளில் நடப்பது என்ன?

எச்சத்தோடு வெளியே வரும் உறைமுட்டையை அறிவியலில் ஊசிஸ்ட் என்பார்கள். வெளியே வந்த உடனே அது ஆபத்தானது அல்ல. அது முற்றவேண்டும். முற்றுவதற்கு 3 பொருள்கள் வேண்டும்: ஈரம், வெப்பம், ஆக்சிஜன். ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் வெப்பம் அதற்கு மிகவும் பிடித்தமானது. அந்த நிலையில் 1 முதல் 2 நாளில் முற்றிவிடும். முற்றிய உறைமுட்டை ஒன்றுக்குள் 4 அறைகள், ஓர் அறைக்கு 2 என்று மொத்தம் 8 இளம் ஒட்டுண்ணிகள் தயாராக இருக்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் சராசரி வெப்பநிலையை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுவதும் 27, 28 பாகைதான். மாலையானால் இடியும் மழையும். ஆய்வுக்கூடத்தில் இந்த உறைமுட்டைகளை முற்றவைக்க விஞ்ஞானிகள் தனிப் பெட்டியில் வெப்பத்தை அமைத்து வைக்கிறார்கள். நம் ஊரில் ஒழுகும் கூரையும் நனைந்த மரத்தூளும் இருந்தால் போதும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். குஞ்சு ஒரே ஓர் உறைமுட்டையை விழுங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். இரைப்பை அதன் ஓட்டை அரைத்து உடைக்கும். வெளியே வரும் 8 ஒட்டுண்ணிகள் குடல்சுவரின் செல்களுக்குள் நுழையும். ஒவ்வொன்றும் பெருகி முதல் தலைமுறையில் சுமார் 900 ஆகலாம். 8 பெருக்கல் 900, 7,200. அந்த 7,200இல் ஒவ்வொன்றும் புதிய செல்லுக்குள் நுழைந்து, இரண்டாம் தலைமுறையில் 200க்கும் மேல் ஆகலாம். 7,200 பெருக்கல் 200, 1,440,000.

இது ஏட்டுக் கணக்கு. உண்மையில் இவ்வளவு பெருகுவதில்லை. இடநெருக்கடியும் குஞ்சின் எதிர்ப்புச் சக்தியும் பெரும்பகுதியை அழித்துவிடும். ஆனாலும் எங்கே இடி விழுகிறது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. ஒவ்வொரு தலைமுறையும் வெளியேறும்போது தான் தங்கியிருந்த செல்லை உடைத்துவிட்டுத்தான் வரும். டெனெல்லாவின் இரண்டாம் தலைமுறை குடல்சுவரின் ஆழத்தில், இரத்த நாளங்களுக்கு அருகில் வளர்கிறது. விழுங்கிய 4ஆம் நாளில் அது உடைத்துக்கொண்டு கிளம்பும்போது இரத்தம் கொட்டத் தொடங்குகிறது. 5, 6ஆம் நாள்களில் சாவு அதிகம். 7ஆம் நாள் வாக்கில் புதிய உறைமுட்டைகள் எச்சத்தில் வெளியேறும். 8, 9ஆம் நாளைத் தாண்டிய குஞ்சு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது அல்லவா? எச்சத்தில் இரத்தத்தைப் பார்க்கும் நாள் நோயின் முதல் நாள் அல்ல. அந்தக் குஞ்சுக்கு அது 4ஆம் நாள் அல்லது 5ஆம் நாள். ஆனால் பக்கத்தில் துள்ளிக்கொண்டிருக்கும் மற்ற குஞ்சுகளுக்கு அது 1ஆம் நாளாகவோ 2ஆம் நாளாகவோ இருக்கலாம்.

எச்சத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கோழி வளர்ப்பவருக்கு எச்சம்தான் மருத்துவ அறிக்கை. அருவருப்புப் படாமல் தினமும் பார்க்கவேண்டும்.

பழுப்பும் பச்சையும் கலந்து, மேலே வெள்ளைத் தொப்பி வைத்தாற்போல இருப்பது நல்ல எச்சம். அந்த வெள்ளை, கோழியின் சிறுநீர்க் கழிவான யூரிக் அமிலம். இடையிடையே சாக்லேட் நிறத்தில், பசைபோல, கடும் நாற்றத்தோடு ஒன்று விழும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, இயல்பானதுதான். சில சமயம் குடலின் உள்தோல் சிறிது உரிந்து இளஞ்சிவப்பு நூலாகத் தெரியும். குஞ்சு ஓடியாடித் தின்றுகொண்டிருந்தால் அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

புதிய இரத்தம் தெரிந்து, குஞ்சும் குறுகி நின்று, கொண்டையும் காலும் வெளுத்திருந்தால் இரத்தக்கழிச்சல் என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் ஐமீரியாவின் எல்லா இனங்களும் இரத்தம் காட்டுவதில்லை. சில இனங்களில் நீர்த்த, சளி கலந்த எச்சமும் எடைக்குறைவும் மட்டுமே தெரியும்.

பிறந்து சில நாளே ஆன குஞ்சின் பின்புறத்தில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால், பெரும்பாலும் குளிரோ அதிக வெப்பமோ பயண அலைச்சலோ காரணம். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து மெல்லத் துடைத்து, உலர்த்தி, விளக்கின் உயரத்தைச் சரிசெய்தால் போதும். பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வந்துவிடும்.

முதல் 2, 3 வாரத்தில் சுண்ணாம்புபோல வெள்ளை எச்சம் போட்டுக் குஞ்சுகள் அடுத்தடுத்துச் சாவது புல்லோரம் என்ற சால்மொனெல்லா நோயாக இருக்கலாம். அது தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகவே வரக்கூடியது. பச்சை நிறத்தில் நீர்போன்ற எச்சம், மூச்சுத்திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது நியூகாசல் நோயின் சாயல். தமிழ்நாட்டில் இதை ராணிக்கெட் என்பார்கள். அது வைரஸ் நோய். வந்தபின் மருந்து கிடையாது. முன்கூட்டித் தடுப்பூசிதான் வழி.

உறுதியாகத் தெரிந்துகொள்ள நல்ல வழி உருப்பெருக்கி. எச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்தால், அடர்ந்த உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மிதந்து வரும் உறைமுட்டைகளைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அடர்த்தி வேறுபாட்டைப் பற்றி நீங்கள் வகுப்பில் படித்த பாடம்தான் அது.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

இந்நோய்க்குப் பல நாடுகளில் நெடுநாளாகப் பயன்படும் மருந்து அம்ப்ரோலியம். அது ஒரு சிறந்த ஏமாற்றுக்காரன். பி1 வைட்டமினான தயமின் இல்லாமல் ஒட்டுண்ணியால் பெருக முடியாது. அம்ப்ரோலியத்தின் மூலக்கூறு தயமினைப்போலவே தோற்றம் கொண்டது. தயமின் நுழையவேண்டிய வாசலை அது அடைத்துக்கொள்ள, ஒட்டுண்ணி பட்டினி கிடக்கும். குஞ்சின் செல்களுக்கும் தயமின் தேவைதான். ஆனால் ஒட்டுண்ணியின் வாசல் இந்த மருந்துக்குப் பல மடங்கு எளிதில் அடைபடும். அதனால் சரியான அளவில் கொடுத்தால் குஞ்சு தப்பிக்கும், ஒட்டுண்ணி தப்பாது. நொதிகளைத் தடுக்கும் போட்டித் தடுப்பான்களைப் படித்தவர்களுக்கு இது பழகிய கதை.

அம்ப்ரோலியம் மிகவும் வலுவாகத் தாக்குவது முதல் தலைமுறையை. அதாவது 3ஆம் நாள் வாக்கில். ஏற்கெனவே இரத்தம் போகும் குஞ்சுக்கு அது ஓரளவுதான் உதவும். அதன் பக்கத்தில் நலமாகத் தெரியும் குஞ்சுகளைத்தான் அது அதிகம் காப்பாற்றும். ஆகவே நோயுற்ற ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுப்பது தவறு. கூண்டிலுள்ள எல்லாக் குஞ்சுகளுக்கும், அதே நாளில் கொடுக்கவேண்டும்.

மருந்தைத் தீனியில் கலப்பதைவிடக் குடிநீரில் கலப்பதே நல்லது. நோயுற்ற குஞ்சு தீனியை விட்டுவிடும், தண்ணீரை எளிதில் விடாது. கடுமையான நிலையில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 1 லிட்டர் நீருக்கு 240 மில்லிகிராம் அம்ப்ரோலியம். உங்களிடம் இருப்பது 20 விழுக்காட்டுத் தூள் என்றால் எவ்வளவு எடுக்கவேண்டும்? 1 கிராம் தூளில் 200 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. 240ஐ 200ஆல் வகுத்தால் 1.2 கிராம். கண்ணளவாகக் கரண்டியால் அள்ளிப் போடாமல் சிறிய தராசில் நிறுத்துப் போடுங்கள். மருந்தின் அடர்த்தி புட்டிக்குப் புட்டி மாறும். அதனால் உறையில் உள்ளதைப் படித்து, எத்தனை நாள், எவ்வளவு அளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம். கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்கவேண்டும். மருந்து நாள்களில் வேறு குடிநீர் வைக்கக்கூடாது. மழைநீர் தேங்கிய தட்டும் கூண்டுக்குள் இருக்கக்கூடாது.

பலரும் செய்யும் ஒரு தவறு, "சத்துக்கு நல்லது" என்று அதே நீரில் பி வைட்டமினையும் கலப்பது. ஒட்டுண்ணிக்கு எதைக் கிடைக்காமல் செய்ய நினைக்கிறோமோ, அதையே கையில் எடுத்துக் கொடுப்பதற்குச் சமம் அது. வைட்டமினை மருந்து முடிந்தபிறகு கொடுங்கள்.

மஞ்சளும் பூண்டும் அரைத்துக் கொடுப்பது நம் பெரியவர்களின் வழக்கம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளைக் கோழிகளில் சோதித்த ஆய்வுகள் உண்டு. பாட்டியின் கை மருந்தைக் கேலி செய்ய வேண்டாம். ஆனால் இரத்தம் தெரிந்தபின் நமக்கு மிஞ்சியிருப்பது ஒன்றிரண்டு நாள்தான். அந்த நாள்களைச் சோதனையில் கழிக்க முடியாது.

வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களுக்கான ஆண்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடவே கூடாது. ஐமீரியா பாக்டீரியா அல்ல. பெரும்பாலான ஆண்டிபயாடிக்குகள் அதை ஒன்றும் செய்யாது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை வளர்த்துவிடுவதுதான் மிச்சம். புண்பட்ட குடலில் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும் நிலை வரக்கூடும். அதை முடிவு செய்யவேண்டியவர் மருத்துவர்.

மருந்தோடு பராமரிப்பும் வேண்டும். சோர்ந்த குஞ்சை வெதுவெதுப்பான இடத்தில் தனியே வையுங்கள். அதன் அலகை மெல்ல நீரில் நனைத்துக் குடிக்கப் பழக்குங்கள். 2 நாளில் தேறுதல் தெரியாவிட்டால், அந்த மருந்துக்குப் பழகிப்போன கிருமியாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம். மருத்துவரிடம் கொண்டுபோங்கள். செர்டாங்கில் மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகங்களிலும் கேட்கலாம்.

நாமே மருத்துவர் ஆகக்கூடாத நேரம்

குஞ்சு மட்டுமல்லாமல் பெரிய கோழிகளும் ஓரிரு நாளில் கூட்டமாகச் செத்தால், அது வீட்டு வைத்தியத்துக்கான நேரம் அல்ல. 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் சுங்கை பூலோ அருகே பாயா ஜாராஸ் ஹிலிர் கம்பத்தில் வீட்டுக்கோழிகளிடையே எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. நம் சிலாங்கூரில்தான் அது நடந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் செத்த கோழியைக் கையால் தொடாமல், அறுக்காமல், ஆற்றில் வீசாமல், கால்நடைச் சேவைத் துறைக்குத் தகவல் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுக் கோழிகளையும் மனிதர்களையும் காப்பது அந்த ஒரு தொலைபேசி அழைப்புதான்.

இரத்தக்கழிச்சல் மனிதருக்கு ஒட்டாது என்றாலும், நலமான கோழியும் சால்மொனெல்லாவைச் சுமக்கலாம். குஞ்சைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். முத்தம் கொடுக்காதீர்கள்.

குளோரினுக்கு அஞ்சாத ஓடு

"கூண்டைக் குளோரின் போட்டுக் கழுவிவிட்டேன், இனிப் பயமில்லை" என்பார்கள். உறைமுட்டையின் ஓடு அவ்வளவு எளிதில் உடைவதல்ல. ஆய்வுக்கூடத்தில் உறைமுட்டைகளோடு ஒட்டியிருக்கும் மற்றக் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கரைசலில்தான் கழுவுகிறார்கள். பாக்டீரியா செத்துப்போகும், உறைமுட்டை உயிரோடு இருக்கும். அவற்றைச் சேமித்து வைப்பதோ 2.5 விழுக்காட்டுப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில்! உங்கள் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கையுறை போட்டுத் தொடும் அதே ஆரஞ்சு நிறக் கரைசல்தான்.

அது அஞ்சுவது காய்ச்சலுக்கும் உலர்ச்சிக்கும். கொதிநீர், சுள்ளென்ற வெயில், உலர்ந்த கூளம் ஆகிய மூன்றும் நம்மிடம் இருக்கின்றன. உறைமுட்டை முற்ற 1 முதல் 2 நாள் ஆகும் என்று பார்த்தோம். தினமும் காலையில் ஈர எச்சத்தை அள்ளிவிட்டால், பெரும்பகுதி முற்றுமுன்பே வெளியேறிவிடும். தண்ணீர்த் தட்டையும் தீனித்தட்டையும் குஞ்சின் முதுகு உயரத்துக்கு உயர்த்தி வைத்தால் எச்சம் அதில் விழாது. தண்ணீர் சிந்தும் இடத்துக்கு அடியில் கம்பிவலை போடலாம். பெரிய கோழிகள் நோயின் அறிகுறி இல்லாமலே உறைமுட்டைகளை வெளியேற்றக்கூடும் என்பதால், குஞ்சுகளுக்குத் தனி இடம் நல்லது.

பாங்கியில் படிக்கப்பட்ட கிருமி

உறைமுட்டையை முழுவதும் ஒழிக்க முடியாது. ஒழிக்கத் தேவையும் இல்லை. கொஞ்சமாக விழுங்கிய குஞ்சு எதிர்ப்புச் சக்தி பெறும் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? தடுப்பூசி பிறந்ததே அந்த உண்மையிலிருந்துதான். அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டிலேயே உயிருள்ள உறைமுட்டைகளைச் சிறிய அளவில் கொடுக்கும் தடுப்பு மருந்து விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் ஓர் இனத்துக்கு எதிரான சக்தி இன்னோர் இனத்தைத் தடுக்காது. அதனால் ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த வேலையில் நம் நாட்டுக்குப் பங்கு உண்டு. சிலாங்கூர், பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வான் கியூ லியானும் அவருடன் உழைத்த ஆய்வாளர்களும், பிரிட்டன், பிரேசில் விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஐமீரியா டெனெல்லாவின் 1ஆம் குரோமோசோமை எழுத்தெழுத்தாகப் படித்து 2007ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அந்தக் கிருமிக்குக் குரோமோசோம்கள் 14. முதலாவதில் மட்டும் ஏறத்தாழ 1 மில்லியன் டிஎன்ஏ எழுத்துகள். ஒரே எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வரும் பகுதிகளும் அப்படி வராத பகுதிகளும் மாறி மாறிப் பட்டைகளாக அமைந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். 2014இல் கோழியைத் தாக்கும் 7 இனங்களின் மரபணுத் தொகுதிகளும் வெளிவந்தன. அந்தப் பன்னாட்டுக் குழுவிலும் மலேசியர் இருந்தார்கள்.

ஒரு கோழி நோய்க்கு இத்தனை உழைப்பா என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டு விலைவாசியில் இந்நோயால் உலகக் கோழி வளர்ப்புக்கு ஏற்படும் செலவும் இழப்பும் 10 பில்லியன் பவுனுக்கு மேல் என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளார்கள். சோற்றோடு கோழிக்கறி சாப்பிடும் ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு துளி பங்கு உண்டு.

உங்கள் வீட்டில் குஞ்சுகள் இருந்தால் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கூண்டருகே தொங்கவிடுங்கள். தேதி, குஞ்சுகளின் எண்ணிக்கை, எச்சத்தின் நிறம், கூளம் ஈரமா உலர்வா, அன்று மழை பெய்ததா என்று தினமும் ஒரு வரி எழுதுங்கள். 6 வாரம் எழுதினால், மழைக்கும் எச்சத்துக்கும் உள்ள தொடர்பை உங்கள் கையெழுத்திலேயே படிப்பீர்கள். அதைவிட முக்கியம், ஒரு குஞ்சு தோள் குறுக்கி நிற்கும் முதல் நாளே அது உங்கள் கண்ணில் பட்டுவிடும். மற்றக் குஞ்சுகளைக் காப்பாற்ற அந்த ஒரு நாள் போதும்.